ஊருக்குப் போன இடத்தில் நாய்க்கு உடம்பு முடியாமல் போனால்

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் குடும்பங்களோடு இப்போது நாய்களும் சங்கரன்கோவிலுக்கு வருகின்றன. சென்னை அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த லேப்ரடாரும் பக்கும் காரின் பின்சீட்டில் ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்து, ஆச்சி வீட்டு முற்றத்தில் இறங்குகின்றன. புது மண், புதுத் தண்ணீர், ஒலிபெருக்கிச் சத்தம், வந்துபோகும் சொந்தக்காரர்கள். ஓரிரு நாளில் நாய் தட்டைத் தொடாமல் மூலையில் சுருண்டுகொள்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரோ சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.

2018 பிப்ரவரியில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் சார்லஸ் கையால் விருது வாங்க வேண்டிய ரத்தன் டாடா, தம் நாய்களில் ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்று பயணத்தையே கைவிட்டார். இதைப் பின்னாளில் சொன்னவர் அவருடைய நண்பர் சுகேல் சேத். கிளம்பும் முன்பே நாய் சோர்ந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் முதல் சிகிச்சை. ஏனென்றால் ஊரில் வெளிப்படும் நோய்களில் பல, வீட்டிலேயே ஒட்டிக்கொண்டவை. பார்வோ வைரஸ் உடலுக்குள் போன பிறகு, வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். உண்ணிக் காய்ச்சல் வகைகளில் ஒன்றான எர்லிகியா தலைகாட்ட ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும். பழி ஊர்த் தண்ணீர் மேல் விழும்; நோய் காரிலேயே கூட வந்திருக்கும். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியைத் திருவிழாக் கூட்டத்துக்குக் கூட்டி வராமல் இருப்பதே அதற்குச் செய்யும் பெரிய உதவி.

சங்கரன்கோவில் என்றால் பிரியாணியும் உண்டு. விருந்து முடிந்ததும் இலையில் மிஞ்சியதை யாராவது பாசத்தோடு நாய்க்கு வைப்பார்கள். கொழுப்பு மிகுந்த கறி கணைய அழற்சியைக் கிளப்பக்கூடும். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் குத்தும். நாய்க்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று வந்து இறங்கிய அன்றே, முகம் சுளிக்காமல், வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுவது பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

சோர்வு சாதாரணமானதா, ஆபத்தானதா என்று பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உடனே கிளம்ப வேண்டியதுதான். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மனிதர்களுக்கு அது காய்ச்சல், நாய்க்கு இல்லை. 104-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் எதுவும் வராத பெரிய ரக நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு விடியும்வரை பொறுப்பது உயிரோடு விளையாடுவது.

இந்தப் பக்கம் குற்றாலச் சாரல் எட்டாத கரிசல் காடு. வெயில் கடுமை. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக் மாதிரி மூக்குச் சப்பிய நாய்களுக்கு அதுவும் சிரமம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும். சுருண்டு விழுந்த நாயை முதலில் நிழலுக்குத் தூக்கிப்போய், குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறியைப் போட வேண்டும். குளிர்வித்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

வீட்டில் இருக்கும் மனித மாத்திரைகளைத் தொடவே கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போய்விடும். சங்கரநாராயணர் கோவில் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசும் நம்பிக்கை ஊரில் ஆழமானது. நாய்க்கும் பூச நினைக்கும் பெரியவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் சீழ் வைத்த புண்ணுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் மருத்துவர் வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

எங்கே போவது? சங்கரன்கோவில் மாதிரி வட்டத் தலைநகரங்களில் அரசு கால்நடை மருத்துவர் உண்டு. கூட்டத்தில் ஆடு மாடுகளே அதிகம் இருக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம். குளுக்கோஸ் ஏற்றவும் வாந்தியை நிறுத்தவும் அங்கேயே கேட்கலாம். ஸ்கேன், அறுவை சிகிச்சை என்றால் திருநெல்வேலி போக வேண்டும். வழியிலேயே, சங்கரன்கோவில் சாலையில் ராமையன்பட்டியில், 2012-ல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்பும் முன் போன் செய்து மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது அவசியம். பாம்புக்கடி என்று சந்தேகம் இருந்தால் விஷமுறிவு மருந்து கைவசம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

புது மருத்துவருக்கு அந்த நாயைத் தெரியாது. தடுப்பூசிப் புத்தகம், பழைய மருந்துச் சீட்டு, நாயின் எடை மூன்றும் இருந்தால் அவர் வேலை பாதி முடிந்தது. மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். வலிப்பையும் இருமலையும் செல்போனில் படம் பிடித்துக் காட்டுவது, வாயால் விவரிப்பதைவிடத் தெளிவு. வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மனிதர்களுக்கான மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

திரும்பும் பயணத்திலும் அவசரம் கூடாது. ரயிலில் முதல் வகுப்புப் பெட்டியின் தனியறை கிடைக்காவிட்டால், நாய் கார்டு வேனில் உள்ள கூண்டில் தனியே போக வேண்டும். நோயிலிருந்து தேறும் நாய்க்கு அந்த ராத்திரி தாங்காது. விடுப்பை இரண்டு நாள் நீட்டுவதோ, காரில் நிறுத்தி நிறுத்திப் போவதோ மேல்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, துணிமணி எடுத்துவைப்பதற்கு முன்னால் ஒரு வெப்பமானியை வாங்கிப் பையில் போடுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைப் படம் எடுத்து வையுங்கள். போகிற ஊரில் இருக்கும் கால்நடை மருத்துவர் எண்ணை விசாரித்துப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.