சட்டத்தரணியை நம்பி வாங்கிய காணியா?

இறக்கக்கண்டிக் கடலோரம் ஹோட்டல் போட வாங்கிய துண்டு அரச அனுமதிப்பத்திரக் காணியாக இருக்கலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, எழுத்துமூல முன்சம்மதம் இல்லாமல் கைமாறினால் அந்த உறுதி செல்லாது. இதைப் பாராமலே சட்டத்தரணி “பயமில்லை, வாங்குங்கோ” என்றிருந்தால் நட்டஈடு கேட்கலாம்.

எவ்வளவு? கொடுத்த விலையிலிருந்து, வாங்கிய அன்று காணிக்கிருந்த உண்மைப் பெறுமதியைக் கழியுங்கள். முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம், வேலி அடித்த செலவு எல்லாம் அதோடு சேரும். சுற்றுலா படுத்து இறங்கிய விலையைச் சட்டத்தரணி தலையில் கட்ட முடியாது. நடக்காத ஹோட்டலின் இலாபமும் லேசில் கிடைக்காது.

ஆகவே மதிப்பீட்டாளரிடம் இன்றைய விலையை அல்ல, உறுதி எழுதிய திகதிக்குரிய பெறுமதியைக் கேளுங்கள். ஆலோசனைக் கடிதம், பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை பொதுவாக 2 வருடம்தான். வேறொரு சட்டத்தரணியை இந்த வாரமே பாருங்கள்.