நல்ல கிருமிகளும் நோய் எதிர்ப்புச் சக்தியும்: மூத்தோர் அறிய வேண்டியவை

கிருமி என்றதும் நோய்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், நம் குடலில் வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் நமக்குத் தீங்கு செய்வதில்லை. உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள கிருமிகளை உணவாகவோ மாத்திரையாகவோ உட்கொள்ளும்போது, அவற்றை 'புரோபயாட்டிக்' என்கிறோம்.

குடலில் என்ன நடக்கிறது?

நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பகுதி குடலை ஒட்டியே இருக்கிறது. சில அணுக்கள் காவலர்போல் கிருமிகளைச் சோதித்து, மற்ற அணுக்களுக்குத் தகவல் அனுப்புகின்றன. சால்மொனெல்லா போன்ற தீய பாக்டீரியா நுழைந்தால், அவை ஒன்றுசேர்ந்து அதைத் தாக்குகின்றன. தாக்குதல் போதாவிட்டால் நோய் பரவும். அளவு மீறினால் குடலே புண்ணாகும்.

நல்ல கிருமிகள் எப்படி உதவுகின்றன?

• தீய கிருமிகளுக்கு இடமும் உணவும் கிடைக்காமல் தடுக்கின்றன.
• குடலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் சுரக்கத் தூண்டுகின்றன.
• சில வகைகள் எதிர்ப்பு அணுக்களைச் சுறுசுறுப்பாக்குகின்றன; சில வகைகள் அளவு மீறிய அழற்சியைத் தணிக்கின்றன.

ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாகச் செயல்படும். ஆய்வுக்கூடத்தில் காணும் பலன் எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆன்டிபயாட்டிக் மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைப் புரோபயாட்டிக் தடுக்குமா என்று பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 3,000 மருத்துவமனை நோயாளிகள் அதில் பங்கேற்றனர். 2013இல் வெளியான முடிவில் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே, புரோபயாட்டிக் மருந்துக்கு மாற்று அல்ல.

நீங்கள் செய்யக்கூடியவை

• சர்க்கரை சேர்க்காத தயிரையோ உப்பு குறைந்த மோரையோ உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோறு சற்று ஆறியபின் தயிர் ஊற்றுங்கள். அதிகச் சூட்டில் நல்ல கிருமிகள் இறந்துவிடும். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் கிருமிகளும் வேகும்போது இறந்துவிடுகின்றன. ஆனாலும் இட்லி நல்ல உணவே.
• காய்கறி, பழம், பருப்பு, முழுதானியம் ஆகியவற்றைச் சாப்பிடுங்கள். இவற்றின் நார்ச்சத்தே நல்ல கிருமிகளுக்கு உணவு.
• நீரிழிவு இருந்தால், புளித்த பால் பானங்களின் லேபிளில் சர்க்கரை அளவைப் பாருங்கள்.
• ஆன்டிபயாட்டிக் மருந்தை மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள். சிலவற்றைப் பாலுடனோ தயிருடனோ சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.
• சளிக்காய்ச்சல், நிமோகோக்கல் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். தயிர் அந்தப் பாதுகாப்பைத் தராது.

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோர் தாங்களாகப் புரோபயாட்டிக் மாத்திரை வாங்கிச் சாப்பிடக்கூடாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருந்தால், நல்ல கிருமியும் அரிதாக ரத்தத்தில் கலந்து கடும் நோய் தரலாம்.

உடனே மருத்துவரைப் பாருங்கள்

வயிற்றுப்போக்கு இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மலத்தில் ரத்தம் கலந்திருந்தாலோ, காய்ச்சல், தலைச்சுற்றல், சிறுநீர் குறைதல் ஆகியவை இருந்தாலோ தாமதிக்காதீர்கள். மூத்தோருக்கு உடலில் நீர்ச்சத்து விரைவில் குறைந்துவிடும். மோர் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மாத்திரைகளையும் மருந்தகத்துக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.