வண்டி தாங்கும், நிற்குமா?
(லாரிப் பட்டை கூட்டுவது பற்றி ஒரு கணக்கு)



கல்லுக்குப் பேர் போனது நம்ம புதுக்கோட்டை மாவட்டம். சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம் கோட்டை எல்லாம் கல்லால் வந்த பெருமை. இன்றைக்கு அதே கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டிப்பரில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. கீரனூர் ரோட்டிலோ திருமயம் ரோட்டிலோ ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, போகிற டிப்பர்களின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் வண்டியாக இருக்கும். பட்டை எண்ணிக்கை மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்!

இன்பிளான்ட் டிரெய்னிங் போன பட்டறையில் இதன் காரணத்தை நேரில் பார்த்தேன். ஆறு வீல் டிப்பர் ஒன்று உள்ளே வந்தது. ஓனர் இறங்கியதும் சொன்னார்: "மேஸ்திரி, லோடு ஏத்தினா வண்டி உக்காந்துருது. ரெண்டு பக்கமும் பட்டை கூட்டிக் குடுங்க."

மேஸ்திரி வேலையை முடித்துக் கொடுத்தார். வண்டி போன பிறகு கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தம்பி, பட்டை கூட்டினா வண்டி தாங்கும். நிக்குமான்னு கேட்டா, அதுக்கு நான் பொறுப்பில்ல."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரிக்கு நான் போட்டுப் பார்த்த கணக்குதான். வகுப்பில் படித்த ஃபார்முலா போதும். கால்குலேட்டர் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

1. யூனிட் கணக்கும் டன் கணக்கும்

நம்ம ஊரில் ஜல்லியை விற்பது யூனிட்டில். 1 யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கொட்டிய ஜல்லி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.55 டன் என்று வைத்தால், 1 யூனிட் ஏறக்குறைய 4.4 டன். ஈர எம்-சாண்ட் என்றால் இன்னும் கூடும். வாங்குகிறவருக்குத் தெரிவது யூனிட். ஆக்சிலுக்குத் தெரிவது டன்.

ஆறு வீல் வண்டியின் மொத்த எடை வரம்பு முன்பு 16.2 டன். 2018 ஜூலையில் மத்திய அரசு அதை 18.5 டன்னாக உயர்த்தியது: முன் ஆக்சில் 6-லிருந்து 7 டன், பின் ஆக்சில் 10.2-லிருந்து 11.5 டன். ஆனால் ஒரு வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் ஆர்.சி.யில் பதிவான எடைதான். ரோட்டில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் 18.5 என்று நினைத்துவிடக் கூடாது.

18.5 டன் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலி எடை 7.5 டன் என்று வைத்தால் ஏற்றக்கூடியது 11 டன், அதாவது இரண்டரை யூனிட் ஜல்லி. அதில் 4 யூனிட் ஏற்றினால் சரக்கு மட்டும் 17.6 டன், மொத்தம் 25 டன்னைத் தாண்டுகிறது.

ஓனரையும் குறை சொல்லிவிட முடியாது. "இரண்டரை யூனிட்டு ஏத்தினா டீசலுக்கும் டியூவுக்கும் கட்டாது தம்பி" என்பார். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்துக்குப் பட்டை மருந்தா என்பதுதான் கேள்வி.

2. பட்டை என்ன செய்கிறது?

செமி-எலிப்டிக் ஸ்பிரிங்கின் விறைப்பு, பட்டை எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர் விகிதம்; பட்டைக் கனத்தின் மூன்றாம் படிக்கு நேர் விகிதம்; நீளத்தின் மூன்றாம் படிக்குத் தலைகீழ் விகிதம். பரீட்சைக்கு நாம் உருப்போட்டது இதுதான்.

10 பட்டை உள்ள செட்டில் 2 கூட்டினால் விறைப்பு 1.2 மடங்கு. 6 கூட்டி 16 ஆக்கினால் 1.6 மடங்கு. எண்ணிக்கையைக் கூட்டாமல் 12 மி.மீ. பட்டைகளுக்குப் பதில் எல்லாவற்றையும் 14 மி.மீ. ஆக மாற்றினாலும் ஏறக்குறைய 1.6 மடங்கு ஆகிவிடும். பார்வைக்கு 2 மி.மீ.தான்!

இதில் லாபமே இல்லையா? இருக்கிறது. வண்டி உட்காராது. டயர் பாடியில் உரசாது. வளைவில் பாடி சாய்வது குறையும். டிரைவருக்கு வண்டி 'கெட்டியாக' இருப்பது போலத் தெரியும். இந்த லாபம் கண்ணுக்குத் தெரியும். நஷ்டம் தெரியாது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

3. காலி வண்டியின் கதை

லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது டிப்பர் காலி. ஓடுகிற தூரத்தில் பாதி அதுதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஸ்பிரிங் அமுங்கும் அளவை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் அரையை வகுத்தால், வண்டி வினாடிக்கு எத்தனை தடவை குதிக்கும் என்று ஹெர்ட்ஸில் கிடைக்கும். ஃபுல் லோடில் 10 செ.மீ. அமுங்குகிற ஸ்பிரிங் என்று வைத்தால் 1.6 ஹெர்ட்ஸ். காலியாக இருக்கும்போது ஸ்பிரிங்குக்கு வரும் எடை கால் பங்கு என்றால், அமுங்குவது 2.5 செ.மீ.; அப்போது 3.2 ஹெர்ட்ஸ். இது கம்பெனி செட்.

16 பட்டையில் காலி வண்டி அமுங்குவது 1.56 செ.மீ. மட்டுமே. கணக்குப் போட்டால் சரியாக 4 ஹெர்ட்ஸ். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மேலும் கீழுமான அதிர்வு அதிகம் பாதிப்பது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. டிரைவர் அண்ணன் இடுப்பு வலிக்குத் தைலம் தேய்க்கிறாரே, அதில் இந்தப் பட்டைக்கும் பங்கு இருக்கலாம்.

இடுப்பு வலியோடு போனால் பரவாயில்லை. விறைத்த ஸ்பிரிங் மேல் ஓடும் காலி வண்டியின் பின்சக்கரம், மேடு பள்ளத்தில் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் டயருக்குப் பிடிப்பு இல்லை. அந்த நேரத்தில் பிரேக் அடித்தால்?

4. ஏமாறும் வால்வு

எனக்கே புதிதாகப் பட்டது இந்தப் பகுதிதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பல லாரிகளில் பின் பிரேக்குக்கு லோடு சென்சிங் வால்வு ஒன்று உண்டு. வால்வு சேஸிஸில் இருக்கும். அதன் கம்பி ஆக்சிலோடு இணைந்திருக்கும். லோடு ஏறினால் சேஸிஸ் இறங்கும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்குக் காற்றழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியானால் அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியின் பின்சக்கரம் லாக் ஆகி வால் வீசாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

வால்வு எடையைத் தராசில் போட்டுப் பார்ப்பதில்லை. சேஸிஸ் எவ்வளவு இறங்கியது என்று மட்டும்தான் பார்க்கிறது.

கம்பெனி செட்டில் காலிக்கும் ஃபுல் லோடுக்கும் இடையே சேஸிஸ் இறங்குவது 10 கழித்தல் 2.5, அதாவது 7.5 செ.மீ. 16 பட்டையில் அதே லோடுக்கு இறங்குவது 6.25 கழித்தல் 1.56, ஏறக்குறைய 4.7 செ.மீ. வண்டியில் இருப்பது முழு லோடு. வால்வு நினைப்பது அதில் எட்டில் ஐந்து பங்குதான். பின் பிரேக் அந்த அளவுக்குத்தான் பிடிக்கும்.

இன்னும் ஒன்று. பட்டைகளை மெயின் பட்டைக்குக் கீழே சேர்த்தால் 12 மி.மீ. வீதம் 6 பட்டைக்கு 72 மி.மீ. உயரம் ஏறுகிறது. ஃபுல் லோடில் 4.7 செ.மீ. இறங்கினாலும் சேஸிஸ் பழைய காலி வண்டி உயரத்துக்குக்கூட வராது. கம்பியைத் திரும்ப செட் பண்ணாவிட்டால், ஃபுல் லோடு வண்டியை 'காலி வண்டி' என்று வால்வு நினைத்துக்கொள்ளும்! வேலை முன் பிரேக் மேல் விழும், லைனிங் சூடேறும், சூடேறினால் பிடிப்பு குறையும்.

பட்டறையில் அன்றைக்குப் பட்டை மாற்றினார்கள், யு-போல்ட் மாற்றினார்கள். வால்வுக் கம்பியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை; அப்போது எனக்கு அது தெரியாது.

5. நிற்கும் தூரம்

வால்வு சரியாகவே வேலை செய்கிறது என்று வைப்போம். மணிக்கு 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். 18.5 டன் வண்டியை வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைக்கும் பிரேக், சுமார் 28 மீட்டரில் நிறுத்தும். அதே பிரேக் விசைக்கு 25 டன் என்றால் 3.7 மீட்டர் வீதம்தான் குறையும். தூரம் 37 மீட்டருக்கு மேல். கூடுதல் பத்து மீட்டர்! அந்தப் பத்து மீட்டரில் ஒரு சைக்கிள் இருக்கலாம், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் இருக்கலாம்.

2023 டிசம்பர் 30 அதிகாலை, நம்ம மாவட்டம் நமணசமுத்திரத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று டீக்கடைப் பக்கம் நின்றிருந்த வண்டிகள் மேல் மோதி 5 பேர் இறந்தார்கள். அந்த விபத்தையும் பட்டையையும் முடிச்சுப் போட நான் வரவில்லை. லோடு லாரி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பக்கத்திலேயே பார்த்தவர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

6. வளைவில்

சக்கர அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால், வண்டி கவிழாமல் எவ்வளவு பக்க விசை தாங்கும் என்று தெரியும். பாதி அகலம் 0.9 மீட்டர், உயரம் 1.8 மீட்டர் என்றால் 0.5. பட்டையால் கொஞ்சமும், குவித்த சரக்கால் மிச்சமும் சேர்ந்து உயரம் 2.05 ஆனால் 0.44. பாடி சாயாததால் டிரைவருக்கு வண்டி திடமாகத் தெரியும். ஆனால் கவிழும் எல்லை கிட்டே வந்துவிட்டது.

பின்னால் மட்டும் விறைப்பைக் கூட்டினால் இன்னொரு தொல்லையும் உண்டு. வளைவில் பக்கவாட்டு எடை மாற்றத்தில் பெரும்பங்கைப் பின் ஆக்சில் வாங்கிக்கொள்ளும். மழை ஈரத்தில் முதலில் வழுக்குவது பின்பக்கமாக இருக்கும்.

7. பட்டை வேலையில் செய்யக் கூடாதவை

திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு லாரிப் பட்டையைத் தேடுவது ஏன்? அது பதம் ஏற்றிய ஸ்பிரிங் ஸ்டீல். அந்தப் பதம்தான் அதன் உயிர். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவு ஏற்றினாலும், வெல்டு வைத்தாலும் அந்த இடத்தில் பதம் போய்விடும். பிறகு அங்கேதான் ஒடியும். பழைய பட்டையோடு புதுப் பட்டையைக் கலந்தால் எடை சமமாகப் பங்காகாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். யு-போல்ட்டைச் சொன்ன டார்க்கில் முறுக்கி, கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி முறுக்க வேண்டும். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சிலே நகர்ந்துவிடும்.

8. சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும் உண்டு. அதிக லோடுக்கு 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. நம் கணக்கில் உள்ள வண்டிக்கு 6 டன் கூடுதல் என்றாலே 32,000 ரூபாய். ஒரு டிரிப்பில் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போகும்?

9. அப்படியானால் என்ன செய்வது?

ஓனர் வந்து "பட்டை கூட்டு" என்றால் உடனே முடியாது என்று முகத்தில் அடிக்க வேண்டாம். முதலில் இந்தக் கேள்விகளைக் கேட்போம்:

அ) வண்டி உட்காருவது அதிக லோடாலா, பட்டை ஒடிந்து அல்லது சோர்ந்து போனதாலா? சோர்ந்திருந்தால் கம்பெனி அளவிலேயே இரண்டு பக்கமும் புது செட் போடலாம். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

ஆ) சாய்வதுதான் குறை என்றால், ஷாக் அப்சார்பரையும் புஷ்ஷையும் ஷேக்கிள் பின்னையும் பார்த்தாயிற்றா? ஆன்டி-ரோல் பார் இருந்தால் அதன் இணைப்புகள் சரியா?

இ) அதே மாடலுக்குக் கம்பெனியே கனமான செட் தருகிறதா? அதோடு ஆக்சில், டயர், பிரேக்கும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈ) பட்டையில் கை வைத்த பிறகு, லோடு சென்சிங் வால்வைக் கம்பெனி சொன்ன அளவுக்கு செட் செய்து, காலியிலும் லோடிலும் பிரேக் அழுத்தத்தைச் சோதித்தாயிற்றா?

உ) உண்மையிலேயே தினமும் 4 யூனிட் ஓட்டித்தான் ஆக வேண்டுமா? அப்படியானால் தேவை பட்டை இல்லை, பெரிய வண்டி. அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் நம் தொழிலில் ஒரு பகுதி.

நண்பர்களே! டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் சர்வீஸ் சென்டருக்குப் போவோம். சிலர் சொந்தப் பட்டறை வைப்போம். சிலர் டி.என்.பி.எஸ்.சி. எழுதி மோட்டார் வாகன ஆய்வாளராகவும் வருவோம். மூன்று இடத்திலும் இந்தப் பட்டை நம் முன்னால் வந்து நிற்கும். பட்டை கூட்டுகிறவரும் கூட்டச் சொல்கிறவரும் அந்த வண்டியில் போவதில்லை. போகிறவர் டிரைவர், எதிரே வருகிறவர் நம் அண்ணன் தம்பியாக இருக்கலாம்.

லோடு ஏறினால் வண்டி உட்காருவது, "போதும்" என்று அது நமக்குச் சொல்லும் சேதி. பட்டையைக் கூட்டி அந்த வாயை அடைத்துவிட்டால் வண்டி தாங்கும். நிற்குமா என்று கேட்க வேண்டியது நாம்தான். பொறுப்பில்லை என்று சொல்ல மேஸ்திரிக்கு ஒரு காரணம் இருந்தது: அவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை. நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு