வீட்டுப் பட்டறை

மும்பையின் கிழக்கு ஓரத்தில் டிராம்பே இருக்கிறது. அங்கே பாபா அணு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அதன் அருகே முன்பு ஜனதா காலனி இருந்தது. 1976-ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்பில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் பலர். அங்கே வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன.

அங்கே ஒரு கொல்லர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலை செய்கிறவர்கள் அவரிடம் மழுங்கிய உளியும் கடப்பாரையும் கொண்டு வருகிறார்கள். அவர் காய்ச்சி, அடித்து, கூராக்கித் தருகிறார்.

அது மழைக்காலம். வாசலில் சாரல் அடிக்கிறது. அவர் உலையை வீட்டுக்குள் வைத்தார். கதவையும் ஜன்னலையும் மூடினார். வேலை நடந்தது.

"என்னங்க, பிள்ளைக்குத் தலை வலிக்குதாம். வாந்தி எடுக்கிறா. எனக்கும் தலை சுத்துது" என்றாள் மனைவி.

"வீட்டுக்குள்ள புகையே இல்லையே!" என்றார் அவர்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். "முதல்ல பிள்ளையை வெளியே தூக்கு தம்பி! கதவைத் திற! ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார். பிள்ளை பிழைத்தாள்.

புகை இல்லை. பிறகு எது பிள்ளையைத் தாக்கியது? கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. மூடிய அறையில் அது ஆளைக் கொன்றுவிடும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி இவை அதன் அடையாளம்.

கொல்லர் தொழிலை விடவில்லை. பட்டறையை மாற்றி அமைத்தார்.

1. இடம்

உலையை வாசல் பக்கம் திறந்த இடத்தில் வைத்தார். மேலே தகரக் கூரை போட்டார். புகைபோக்கியைக் கூரைக்கு மேலே உயர்த்தினார். அது யார் வீட்டு ஜன்னலையும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் விரிப்பு, விறகு, கேஸ் சிலிண்டர் எதையும் அருகில் வைக்கவில்லை. ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் எப்போதும் இருக்கும்.

2. கருவிகள்

பெரிய செலவு தேவையில்லை. உலைக்குத் தீச்செங்கல் போதும். துருத்திக்குப் பதில் கையால் சுற்றும் புளோயர் வைக்கலாம்.

இரும்பை வைத்து அடிக்கும் கட்டைக்குப் பட்டடை என்று பெயர். அதைக் கனமான மரக்கட்டையின் மேல் அசையாமல் பொருத்த வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மடக்கிய விரல் முட்டி எங்கே இருக்கிறதோ, அதுவே பட்டடையின் உயரம். உயரம் குறைந்தால் இடுப்பு வலிக்கும். கூடினால் தோள் வலிக்கும்.

உலைக்கும் பட்டடைக்கும் நடுவே ஓர் எட்டு தூரம் போதும். தூரம் கூடினால் இரும்பு ஆறிவிடும்.

சிலர் தண்டவாளத் துண்டைப் பட்டடை ஆக்குவார்கள். திருட்டுத் தண்டவாளம் வாங்கக் கூடாது. ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீதோடு வாங்க வேண்டும்.

3. உளிக்குத் துவைச்சல்

எல்லா இரும்பும் கடினமாகாது. லாரியின் வில் பட்டை போன்ற எஃகு கடினமாகும். சாதாரணக் கம்பி ஆகாது.

உளியின் முனையை நன்றாகச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். காந்தத்தை அருகில் காட்டுங்கள். சுமார் 770 டிகிரி சூட்டில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே போனதும் முனையை மட்டும் தண்ணீரில் தோய்க்க வேண்டும். பிறகு முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். மேலே உள்ள சூடு முனைக்கு இறங்கும். முதலில் வைக்கோல் நிறம் வரும். அடுத்து ஊதா நிறம் வரும். அப்போது முழுவதையும் தண்ணீரில் போட வேண்டும். முன்னால் நிறுத்தினால் முனை உடையும். நீலம் வந்துவிட்டால் முனை மழுங்கும்.

4. பழைய இரும்பில் ஆபத்து

வெள்ளையாகத் துத்தநாகம் பூசிய குழாயைக் காய்ச்சக் கூடாது. அந்தப் புகையால் காய்ச்சல் வரும். மூடிய பழைய பீப்பாயைத் தீயில் காட்டக் கூடாது. உள்ளே எண்ணெயோ ரசாயனமோ மிச்சம் இருந்தால் வெடிக்கும்.

பருத்தித் துணி உடுத்த வேண்டும். நைலான் உருகித் தோலில் ஒட்டும். காலுக்குச் செருப்புப் போதாது. மூடிய தோல் பூட்ஸ் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்.

5. அக்கம் பக்கம்

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சுத்தியல் சத்தம் கூடாது. "பகல்ல அடி தம்பி. பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கணும்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. கொல்லர் ஒத்துக்கொண்டார்.

6. உதவி

பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023-ஆம் ஆண்டு தொடங்கியது. 18 தொழில்களில் கொல்லுத் தொழிலும் ஒன்று. பயிற்சி உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி உண்டு. முதல் கடன் 1 லட்சம் ரூபாய் வரை. வட்டி 5 சதவீதம். இப்போது பதிவு நடக்கிறதா என்று பொதுச் சேவை மையத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. மூடிய அறையில் கரி எரித்தால் என்ன ஆகும்?
2. பட்டடையின் உயரத்தை எப்படி அளப்பது?
3. உங்கள் தெருவில் வீட்டுக்குள் என்னென்ன தொழில் நடக்கிறது? அதில் என்ன ஆபத்து? எழுதிக் காட்டுங்கள்.