ஞாயிறு பிரசங்கத்தை முன்கூட்டித் திட்டமிடுதல்

தென்னிந்தியத் திருச்சபையில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் உரிய தலைப்பும் திருமறை வாசிப்புகளும் திருச்சபையின் அட்டவணையிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எந்த ஞாயிறிலும் வரலாம் என்பதால், ஆயர் முதலில் அந்தத் தேதியைப் பார்த்து லெந்து நாட்களையும் பெந்தெகொஸ்தேவையும் குறித்துக்கொள்கிறார். அறுப்பின் பண்டிகை போன்ற சபையின் சொந்த நாட்கள் பிறகு சேரும். மூன்று மாதத்துக்குத் திட்டமிட்டால் போதும். அதற்கு மேல் எழுதிவைப்பதில் பாதி வீணாகும்.

முன்பே தெரிந்த வசனம் ஆயரோடு வீடு சந்திப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடவே போகிறது. கேட்ட பேச்சும் கண்ட துயரமும் அதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பாடகர் குழுவுக்கும் பொருத்தமான கீர்த்தனையைப் பழக அவகாசம் கிடைக்கிறது.

திட்டத்தின் உறுதிக்குப் பேர்போனவர் சீர்திருத்தவாதி கால்வின். 1538இல் ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்டு 1541இல் திரும்பியவர், விட்ட இடத்திலிருந்தே வசன விளக்கத்தைத் தொடர்ந்தார். லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜனோ ஞாயிறு காலைப் பிரசங்கத்துக்கான வசனத்தைச் சனிக்கிழமை மாலையில்தான் முடிவுசெய்வார். அவருக்கு இருந்த வாசிப்பும் நினைவாற்றலும் இல்லாமல் அந்த வழியைப் பின்பற்றுவது ஆபத்து.

சில சமயம் திட்டத்தை அப்படியே எடுத்துவைத்துவிட வேண்டும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஞாயிறு. அடுத்து வந்த வெள்ளிக்கிழமையே வருட முடிவு ஆராதனை. புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்தை முன்பே தேர்ந்து அட்டை அச்சிட்டுவிடுவது தமிழ்ச் சபைகளின் வழக்கம். சவ அடக்கம் முடியாத கரையோர ஊரில் பழைய குறிப்பை வைத்துச் செழிப்பைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் பெரும்பாலான மாற்றங்கள் இவ்வளவு பெரியவை அல்ல. வெள்ளிக்கிழமை சபையில் ஓர் இளவயது மரணம் நேர்ந்தால் அந்த ஞாயிறின் நற்செய்திப் பகுதியை விட்டு, அதே நாளுக்குரிய சங்கீதத்தை எடுத்தாலே போதும். சேகர கமிட்டித் தேர்தல் தகராறு வேறு வகை. அப்போது வசனத்தை மாற்றினால் அடி யாருக்கு என்று கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். அங்கே அட்டவணையை மீறாதிருப்பதே ஆயருக்குப் பாதுகாப்பு. சபைக்கும் அதுதான் நல்லது. துக்கத்துக்காக மாற்றலாம், கோபத்துக்காக மாற்றக்கூடாது.

எதை மாற்றினாலும் பாடகர் குழுத் தலைவருக்கும் பாடம் வாசிப்பவருக்கும் சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். பேசாமல் விட்ட பிரசங்கத்தைத் தேதியும் காரணமும் குறித்துக் கோப்பில் வைக்கலாம். அதே தலைப்பு அட்டவணையில் மறுபடி வரும்போது உதவும்.