அயலானுக்கு நாம் சொல்லும் சாட்சியம்



"வேதத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்வது குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் உபதேசியாருக்கும் உரிய வேலை. ஏர் பிடித்து நாற்று நடுகிற நமக்கு அதில் என்ன பங்கு?" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரிதானா என்று இவ்வாரம் ஆராய்வோம். அதற்கு நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சரித்திரமே போதும்.

1741-ம் ஆண்டு குளச்சலில் திருவிதாங்கூர் படைக்கும் ஒல்லாந்தர் படைக்கும் யுத்தம் நடந்தது. ஒல்லாந்தர் தோற்றார்கள். சிறைபிடிக்கப்பட்டவர்களில் எஸ்தாக்கியுஸ் டிலனாய் என்ற படைத்தலைவரும் ஒருவர். அவர் கத்தோலிக்கர். மார்த்தாண்டவர்மா மகாராஜா அவருடைய திறமையைக் கண்டு, தம் சேனைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தார்.

அதே அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர் நீலகண்ட பிள்ளை. 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், செல்வாக்குள்ள குடும்பத்தார். ஒரு சமயம் அவர் வீட்டில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் நேர்ந்தது, மனம் சோர்ந்துபோனார். டிலனாய் அவருடைய வாடிய முகத்தைக் கண்டு காரணம் விசாரித்தார். பிறகு, எல்லாவற்றையும் இழந்தும் சர்வேசுரனை விடாத யோபுவின் சரித்திரத்தை அவருக்குச் சொன்னார்.

அந்தப் பேச்சு வீண்போகவில்லை. 1745-ல் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவானவர் பூட்டாரி சுவாமி கையால் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருள்படி தேவசகாயம் என்று பெயர் சூட்டப்பட்டார். அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றாள். 1749-ல் அவர் பிடிபட்டு, மூன்று ஆண்டுகள் சொல்லொணாத வேதனை அனுபவித்து, 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார். நம் தேசத்துப் பொதுநிலையினரில் இப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

இதற்கெல்லாம் தொடக்கம் எது? கோயில் பிரசங்கமன்று. ஒரு போர்வீரர் தம்முடன் வேலை பார்த்த ஒருவரிடம் பேசிய பேச்சுதான். அதிலிருந்து நாம் கற்கவேண்டியவை நான்கு.

முதலாவது, அவர் விசாரித்த பிறகே பேசினார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பிள்ளையைப்போல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்ததை நம் ஜில்லாவில் எத்தனையோ குடும்பங்கள் கண்டன. அப்படிப்பட்ட வேளையில் அயலான் வாசலில் உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்பதே முதல் தர்மம். "நீ செய்த பாவத்துக்கு வந்த தண்டனை" என்று சொல்லவேண்டாம். யோபுவின் சிநேகிதர் அப்படித்தான் பேசினார்கள். சர்வேசுரன் கடிந்துகொண்டது அவர்களைத்தான்.

இரண்டாவது, அவர் தாம் அறிந்ததைச் சொன்னார். சொந்த தேசத்தை விட்டு வந்து, யுத்தத்தில் தோற்று, அந்நியர் கையில் கைதியானவர் அவர். இழப்பு இன்னதென்று அறிந்தவர் வாயில் யோபுவின் சரித்திரம் வெறும் கதையாக இராதல்லவா? கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் வக்கீல் அல்ல. சட்டம் தெரியாவிட்டாலும் கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும். பிறவிக் குருடன் பரிசேயரிடம் அப்படித்தான் சொன்னான்: தனக்குக் கண் தெரியாதிருந்தது, இப்போது தெரிகிறது, அவ்வளவே. நம் வேளாங்கண்ணியில் மோர் விற்ற சிறுவனும், பாரம்பரியம் கூறுகிறபடி, நாகப்பட்டினத்துக்குச் சென்று தான் கண்டதைத்தானே சொன்னான்? படிப்பில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நடந்ததைக் கூட்டியும் பெருக்கியும் சொல்வது பொய்ச் சாட்சி. அது எட்டாம் கற்பனைக்கு விரோதம். வேண்டியது கிடைக்காமற்போனால் அதையும் மறைக்கவேண்டாம். "என் பிள்ளைக்காக மன்றாடினேன், பிள்ளை பிழைக்கவில்லை. ஆனாலும் சர்வேசுரன் என்னைக் கைவிடவில்லை" என்று ஒரு தாய் சொல்வாளானால், அது பெரிய சாட்சியம்.

மூன்றாவது, சொல்லும் நடத்தையும் ஒத்திருக்க வேண்டும். தேவசகாயம் உயர்ந்த சாதியில் பிறந்திருந்தும், ஞானஸ்நானம் பெற்றபின் சாதி பாராமல் எல்லாருடனும் கலந்து பழகினார். அவர்மேல் பலருக்குக் கோபம் வர இதுவும் ஒரு காரணம். நாமோ ஒரே நற்கருணைப் பந்தியில் முழங்காலிட்டுவிட்டு, வயலில் நமக்காக நடவு நட்டவளை நம் திண்ணையில் உட்காரவிடத் தயங்குகிறோம் என்றால், அவளிடம் நாம் எந்தச் சேசுநாதரைப்பற்றிப் பேசமுடியும்? நாம் வாய் திறக்குமுன்பே நம் வீட்டுத் தண்ணீர்ச் செம்பு சாட்சி சொல்லிவிடும்.

நான்காவது, கேட்பவரின் சுதந்திரத்தை மதிக்கவேண்டும். டிலனாய் சொன்னார், யோசித்து முடிவு செய்தவர் நீலகண்ட பிள்ளை. ஆசை காட்டுவதும், பயமுறுத்துவதும், அயலான் வணங்குவதைப் பழிப்பதும் நமக்குத் தகாது. விசுவாசத்தில் எவரையும் பலவந்தம் செய்யலாகாது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகப் போதித்தது. நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லவேண்டும் என்பது அர்ச். இராயப்பர் தரும் புத்திமதி. கேட்டவர் மனந்திரும்பாவிட்டாலும் நமக்கு வருத்தமோ பகையோ வேண்டாம். அவர் முன்போலவே நம் அயலான். அவர் வீட்டுக் கலியாணத்துக்கும் சாவுக்கும் நாம் முன்போலவே போகவேண்டும். நாற்று நடுவது நம் வேலை. கதிர் வாங்கச் செய்கிறவர் சர்வேசுரன்.

இனி, செய்யவேண்டியது என்ன? இவ்வாரம் ஓர் இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் பாயைச் சுருட்டாமல் சற்று உட்கார்ந்திருங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரும் பிள்ளைகள் கேட்க மூன்று காரியங்களைச் சொல்லட்டும்: எனக்கு வந்த கஷ்டம் என்ன? அதில் சர்வேசுரன் எனக்கு எப்படித் துணை நின்றார்? அதனால் என் நடத்தையில் மாறியது என்ன? மூன்றாம் கேள்விக்குப் பதில் வரவில்லையானால், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு அதுவே ஆயத்தமாகட்டும். தன் வீட்டாருக்குச் சொல்லிப் பழகியவனுக்கு அயலானிடம் பேச நாக்குக் கூசாது.

பிறகு, உங்கள் தெருவில் முகம் வாடியிருப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரைச் சொல்லி அன்றிரவே ஓர் அருள்நிறை மந்திரம் வேண்டிக்கொள்ளுங்கள். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், "என்ன அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று விசாரியுங்கள். டிலனாய் தொடங்கியதும் இப்படித்தான்.

அர்ச். தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குச் சுவாமியார்