வெப்பக் கவசம்: பெற்றது எது, விட்டுக்கொடுத்தது எது?

பூமிக்குத் திரும்பும் விண்கலம் ஏன் சூடாகிறது என்று கேட்டால், ‘காற்றுடன் உராய்வதால்’ என்று மாணவர்கள் உடனே கூறுவர். இவ்விடை முழுமையானதன்று. தாழ் சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. வேகத்தில் வருகிறது. முன்னாலுள்ள காற்று விலக நேரமின்றி அழுத்தப்படுகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. மிதிவண்டிக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் செய்து இப்பாடத்தைத் தொடங்கலாம்.

வடிவம்

கூர்முனைக் கலமே நல்லது என்றுதான் முதலில் தோன்றும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜூலியன் ஆலன் இதற்கு மாறான முடிவுக்கு வந்தார். மழுங்கிய முகப்பு, அதிர்ச்சி அலையைக் கலத்திலிருந்து தள்ளி நிறுத்துகிறது. வெப்பத்தில் பெரும்பங்கு சுற்றியுள்ள காற்றோடு போய்விடுகிறது. ஆனால் அத்தகைய கலத்தால் விமானம்போல் மிதந்துவந்து ஓடுதளத்தில் இறங்க இயலாது.

பொருள்

நிலவிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. வேகத்தில் திரும்பிய அப்போலோ கலங்களின் கவசம் ‘அவ்கோட்’ என்னும் பிசினால் ஆனது. தேன்கூடு போன்ற கண்ணாடியிழைச் சட்டத்தின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகளில் அதைக் கையால் நிரப்பினர். அது கருகி, வாயுவாகி, வெப்பத்தைத் தன்னுடன் கொண்டுசென்றது. மண்பானையில் ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கொண்டுசெல்வதுடன் இதை ஒப்பிடலாம். கடும் வெப்பத்தைத் தாங்கினாலும் இக்கவசம் ஒரு பயணத்துக்கு மட்டுமே பயன்பட்டது.

விண்வெளி ஓடத்துக்குப் பலமுறை பயன்படும் கவசம் தேவைப்பட்டது. எனவே 20,000க்கும் மேற்பட்ட சிலிக்கா ஓடுகளை ஒட்டினர். பருமனில் பெரும்பகுதி வெற்றிடமாக இருந்ததால் அவை மிக இலேசானவை. ஆனால் எளிதில் உடைபவை. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஆய்வும் பராமரிப்பும் தேவைப்பட்டன. மேலும் வெப்பமான இறக்கை முன்விளிம்புகளில் வலுவூட்டிய கார்பன் பலகைகள் இருந்தன.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அப்போலோவின் அடிக்கவசம் பூமிக்குத் திரும்பும் வேளைவரை சேவைப் பகுதியால் மூடப்பட்டிருந்தது. ஓடத்தின் கவசமோ ஏவும்போதே எரிபொருள் தொட்டியின் அருகில் திறந்தபடி இருந்தது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஏவப்பட்டபோது, தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியது. பிப்ரவரி 1 அன்று திரும்புகையில் அத்துளை வழியே வெப்ப வாயு புகுந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேரும் உயிரிழந்தனர். வெப்பத்தைத் தாங்கும் பொருள் அடியையும் தாங்கும் என்று கொள்ள முடியாது.

2007 ஜனவரியில் வங்கக் கடலில் மீட்கப்பட்ட இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ.-1 கலத்தில் இருவகையும் இருந்தன: கருகிக் கரையும் கார்பன் ஃபீனாலிக், சிலிக்கா ஓடுகள். ஒரே கலத்திலும் இடத்துக்கேற்பத் தேர்வு மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

வகுப்பறைச் செயல்பாடு

• மாணவர்களை ஐவர் குழுக்களாகப் பிரிக்கவும். பாதிக் குழுக்களுக்கு ‘நிலவிலிருந்து ஒருமுறை திரும்பும் கலம்’, மற்றவற்றுக்கு ‘சுற்றுப்பாதைக்கு அடிக்கடி சென்றுவரும் கலம்’ என்று பணி தரவும்.

• குறைந்த எடை, மறுபயன்பாடு, அடி தாங்கும் வலிமை, எளிய பராமரிப்பு ஆகிய நான்குக்கும் சேர்த்து 10 புள்ளிகளைப் பகிரச் சொல்லவும்.

• குறைந்த புள்ளி பெற்ற பண்பால் எந்த ஆபத்து வரும், அதை எப்படிக் கண்காணிப்பார்கள் என்று ஒவ்வொரு குழுவும் விளக்கட்டும்.

இதற்கு ஒரே சரியான விடை இல்லை. எனவே தேர்வுக்கு அன்றி, விட்டுக்கொடுத்ததை உணர்ந்து கூறும் காரணத்துக்கே மதிப்பெண் வழங்கவும்.